பூனையை யாரும் பிடித்துவந்து பழக்கவில்லை

"நாயை வேட்டைக்குப் பழக்கினோம், மாட்டை உழவுக்குப் பழக்கினோம். பூனையை எதற்காகப் பழக்கினோம்? முதலில் பழக்கியவர்கள் எகிப்தியர்கள்தானா? ஐரோப்பாவில் பூனைகளைக் கொன்று குவித்ததால்தான் பிளேக் பரவியது என்கிறார்களே, அது உண்மையா?" இதுதான் எனக்கு வந்த கேள்வி.

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அரிசி மூட்டைகளின் மேல் எந்நேரமும் சாம்பல் நிறத்தில் வரிபோட்ட ஒரு பூனை படுத்திருக்கும். "அண்ணாச்சி, பூனை வளர்க்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் எங்க சார் வளர்க்கேன்? அதுவா வந்துச்சு, அதுவா கெடக்கு. எலித் தொல்லை கொறஞ்சிருக்கு, சரி கெடக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். எலும்பையும் மரபணுவையும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் பல வருஷம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த பதிலும் ஏறக்குறைய இதுதான்.

'பழக்கினோம்' என்ற சொல்தான் இங்கே இடிக்கிறது. ஆடு, மாடு, குதிரையை மனிதன் பிடித்தான், அடைத்தான், தனக்கு ஏற்றதை மட்டும் குட்டிபோட விட்டான். பூனைக்கு அப்படி யாரும் மெனக்கெட்ட அடையாளம் இல்லை. அது கூட்டமாக வாழும் பிராணியும் அல்ல. ஒரு தலைவனுக்குப் பின்னால் போய்ப் பழக்கமில்லாதது. கட்டிவைத்து வேலை வாங்க அதனிடம் ஒன்றுமே இல்லை.

ஆகவே கதையைப் பூனையிலிருந்து தொடங்கக்கூடாது, சுண்டெலியிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய இஸ்ரேல், ஜோர்டான் பகுதிகளில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, விவசாயம் வருவதற்கு முன்பே, சில கூட்டங்கள் அலைவதைக் குறைத்துக்கொண்டு ஓரிடத்தில் தங்க ஆரம்பித்தன. அந்தக் குடியிருப்புகளில் கிடைத்த எலிப் பற்களைப் பார்த்தால், இன்று நம் வீட்டில் ஓடும் சுண்டெலி அப்போதே வயல் எலியைத் தள்ளிவிட்டு மனிதர்களோடு குடியேறிவிட்டது தெரிகிறது. பிறகு கோதுமையும் பார்லியும் விளைந்தன, தானியம் சேர்த்து வைக்கப்பட்டது, எலிக்குக் கொண்டாட்டம். எலிக்குக் கொண்டாட்டம் என்றால் அடுத்து யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்தது ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்ற இனம். நீண்ட கால், மணல் நிற உடம்பு, மங்கலான வரி. தெருவில் பார்த்தால் சாதாரணப் பூனை என்றுதான் நினைப்போம். 2007இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு வீட்டுப் பூனை, காட்டுப்பூனை என்று 979 விலங்குகளை ஒப்பிட்டது. பாரசீகப் பூனையோ சயாமியப் பூனையோ, நம் ஓட்டுமேல் பூனையோ, எல்லாவற்றுக்கும் மூதாதை இந்த ஓர் இனம்தான் என்று அது காட்டியது. நம் வயல்வரப்பில் கரும்புக்காட்டோரம் திரியும் காட்டுப்பூனை வேறு இனம். வீட்டுப் பூனைக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவே.

இனி ஒரு கல்லறைக்கு வருவோம். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற புதிய கற்காலக் குடியிருப்பு. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைப் புதைத்திருக்கிறார்கள். கூடவே கல்கோடரிகள், தீக்கல் கருவிகள், செங்காவி, ஒரு சின்னக் குழியில் கடற்சிப்பிகள். சாதாரண ஆளாக இருந்திருக்க முடியாது. அவரிடமிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, தனக்கென்று தோண்டிய சிறு குழியில் ஒரு பூனை. வயது எட்டு மாதம் இருக்கும். எலும்பில் வெட்டுக்காயம் இல்லை, தின்றுவிட்டு எறிந்த தடயம் இல்லை. மனிதருக்குத் தலை எந்தத் திசையோ அதே திசையில் பூனைக்கும் தலை.

இதில் எனக்கு ஆச்சரியம் கல்லறை அல்ல, படகுதான். சைப்ரஸில் பூனை இயற்கையாக இருந்ததே கிடையாது. துருக்கிக் கரையிலிருந்தோ சிரியாக் கரையிலிருந்தோ யாரோ ஒருவர் அதன் முன்னோர்களைப் படகில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதே படகுகளில் ஆடு போனது, தானியம் போனது, அழைக்காமலே சுண்டெலியும் போனது. கூடையில் ஒரு பூனையை அடைத்துப் பேருந்தில் ஐந்து நிமிஷம் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும் அந்தப் படகில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று.

2004இல் இந்தக் கல்லறைச் செய்தி வெளியானதிலிருந்து, "எகிப்தியர்கள்தான் முதலில்" என்ற பழைய பாடத்தை நாங்கள் எல்லாம் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தோம். மேற்கு ஆசிய விவசாயிகளோடு பூனை பழகியது, அவர்களோடேயே ஐரோப்பாவுக்கும் போனது என்று சொன்னோம். 2025இல் அதற்கும் ஒரு திருத்தம் வந்துவிட்டது. ஐரோப்பாவிலும் துருக்கியிலும் கிடைத்த பழைய பூனை எலும்புகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். கற்கால விவசாயிகளின் ஊர்களில் கிடைத்தவை வீட்டுப் பூனையே அல்ல, ஐரோப்பியக் காட்டுப்பூனைகள். அசல் வீட்டுப் பூனை ஐரோப்பாவில் கால் வைத்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான், ரோமானியர் காலத்தையொட்டி. வந்த வழியும் வடக்கு ஆப்பிரிக்கா. சைப்ரஸ் குழியில் இருப்பது மனிதரோடு ஒட்டிக்கொண்ட ஒரு காட்டுப்பூனையாக இருக்கலாம், இன்றைய பூனைகளின் நேர்ப் பாட்டியாக இல்லாமல் போகலாம். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முதன்முதலில் பூனையோடு நெருங்கியவர்கள் எகிப்தியர்கள் அல்ல, ஆனால் இன்று உங்கள் சோபாவில் படுத்திருக்கும் பூனையின் வம்சம் உலகம் சுற்றக் கிளம்பியதில் நைல் நதிப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சீனாவில் இதே நாடகம் வேறு நடிகரோடு நடந்திருக்கிறது. குவான்ஹுசுன் என்ற ஊரில் 5,300 ஆண்டுப் பழமையான பூனை எலும்புகள் கிடைத்தன. தினை தின்ற எலிகளை அவை தின்று வாழ்ந்ததை எலும்பின் வேதியியலே சொல்லிவிட்டது. வீட்டுப் பூனை என்றுதான் முதலில் எழுதினார்கள். பிறகு பார்த்தால் அது சிறுத்தைப் பூனை, புள்ளிபோட்ட காட்டு இனம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனிதக் குடியிருப்பை ஒட்டியே இருந்துவிட்டு அது திரும்பக் காட்டுக்கே போய்விட்டது. நம் வீட்டுப் பூனை அங்கே போய்ச் சேர்ந்தது கி.பி. 8ஆம் நூற்றாண்டு வாக்கில், பட்டுப்பாதை வணிகர்களோடு. எலியைத் தேடி வந்த எல்லாரும் தங்கிவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எகிப்து. அங்கே பூனைக்குப் பெயரே 'மியு'தான். தீப்ஸ் நகரத்துக் கல்லறைச் சுவர்களில் எஜமானியின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து மீன் தின்னும் பூனைகள் இருக்கின்றன. நெபமுன் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 1350 வாக்கில் வரைந்தது. நெபமுன் நாணல் புதரில் பறவை வேட்டையாடுகிறார். அவர் காலருகே ஒரு பழுப்பு வரிப் பூனை, ஒரே பாய்ச்சலில் மூன்று பறவைகளைப் பிடித்திருக்கிறது: ஒன்று வாயில், மற்றவை முன்னங்கால் பின்னங்கால் நகங்களில். நம்பமுடியாத சாகசம்தான், ஆனால் வரைந்தவர் பூனையை உற்றுப் பார்த்தவர். வயிற்று மயிரின் சாய்வு, வாலின் முறுக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்.

பிற்காலத்தில் பாஸ்டெட் என்ற பூனைத் தெய்வத்தின் வழிபாடு பெரிதாக வளர்ந்தது. வீட்டுப் பூனை செத்தால் குடும்பத்தார் புருவத்தை மழித்துத் துக்கம் காப்பார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். கி.மு. 60 வாக்கில் எகிப்து போன டயோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது இன்னும் பயங்கரம். ரோமன் ஒருவன் தவறுதலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். ரோமைப் பகைத்துக்கொள்ளப் பயந்து அரசனே ஆள் அனுப்பிக் கெஞ்சியும் கூட்டம் கேட்கவில்லை, அவனைக் கொன்றே விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "பூனைகளின் பொற்காலம்" என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒரு விஷயம். கோயிலுக்கு வரும் பக்தர்கள் பூனை மம்மியை வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். அத்தனை மம்மி எங்கிருந்து வரும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவற்றில் பல பூனைகள் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை, கழுத்து முறிக்கப்பட்டிருந்தது. காணிக்கைக்கென்றே வளர்த்துக் கொன்றிருக்கிறார்கள். தெருவில் தெரியாமல் கொன்றால் மரண தண்டனை, கோயில் வளாகத்தில் தெரிந்தே கொன்றால் வியாபாரம். அந்த மம்மிகளின் கதை அங்கேயும் முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெனி ஹசன் பக்கம் ஒரு பெரிய பூனை இடுகாடு அகப்பட்டது. 1890இல் சுமார் 1,80,000 பூனை மம்மிகள், ஏறக்குறைய 19 டன், கப்பலில் லிவர்பூல் வந்து ஏலம் போயின. வாங்கியவர்கள் பொடித்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள்.

பிளேக் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாகச் சொல்லப்படுவது இது: போப் ஒன்பதாம் கிரகரி 1233இல் பூனை சாத்தானின் வடிவம் என்று ஆணையிட்டார், ஐரோப்பாவே பூனைகளைக் கொன்று தீர்த்தது, எலி பெருகியது, 1347இல் பிளேக் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் போப் எழுதியது ஒரு கடிதம், ஜெர்மனியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மதவிரோதக் கூட்டத்தைப் பற்றியது. அவர்கள் சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருகிறது, அவ்வளவுதான். பூனையைக் கொல்லுங்கள் என்று ஒரு வரி கிடையாது. கடிதத்துக்கும் நோய்க்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி வேறு. எல்லாவற்றுக்கும் மேல், 1348இல் அதே பிளேக் கெய்ரோவையும் டமாஸ்கஸையும் சூறையாடியது. தொழும் இடத்தில்கூடப் பூனையை விரட்டாத ஊர்கள் அவை. பூனைக்கே பிளேக் தொற்றும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும் என்பது இன்னொரு சங்கடம்.

தவிர, பெரிய எலியோடு பூனை மோதுமா? நம் வீட்டுப் பூனை பெருச்சாளியைப் பார்த்ததும் வேறு பக்கம் அவசர வேலை இருப்பதுபோல நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 2018இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்தார்கள். தெருப்பூனைகள் அத்தனை நாளில் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பூனையின் கணக்கு சுண்டெலியோடுதான்.

அந்த ஐரோப்பாவிலேயே பூனைக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் தேவாலயக் கணக்குப் புத்தகத்தில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று ஒரு செலவினம் இருக்கிறது: வாரம் ஒரு பென்னி. அங்குள்ள பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் மரக்கதவில் பூனை நுழைய வட்டமாக ஓர் ஓட்டை, இன்றும் பார்க்கலாம். வேல்ஸ் நாட்டில் ஹவெல் மன்னர் பெயரால் வழங்கும் பழைய சட்டங்கள் விலையே நிர்ணயித்தன: கண் திறக்காத குட்டி ஒரு பென்னி, அதற்குமேல் எலி பிடிக்கும் வரை இரண்டு, எலி பிடித்துவிட்டால் நான்கு. விற்கும்போது காது கேட்க வேண்டும், நகம் பழுதாகாமல் இருக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலத்தான். கொடுமை இல்லாமலும் இல்லை. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் மணிக்கூண்டு உச்சியிலிருந்து உயிரோடு பூனையை எறியும் வழக்கம் 1817 வரை நடந்தது. இப்போது அந்த விழாவில் பொம்மைப் பூனையை எறிகிறார்கள்.

நம் பக்கம் பார்த்தால், சங்கப் பாடல்களில் வருவது பெரும்பாலும் 'வெருகு' என்ற காட்டுப்பூனை. குறுந்தொகையில் ஒரு காட்சி: மாலை நேரம், வேலியோரம் வெருகு வந்துவிட்டது, எங்கே ஒளிவது என்று தெரியாமல் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. பூனை அங்கே வேலிக்கு வெளியில் நிற்கிற எதிரி. 7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பாறைக்கு வாருங்கள். அங்கே இரண்டு காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை, காலடியில் எலிகள். 'ருத்திராட்சப் பூனை' என்று நாம் திட்டுவதற்குக் கல்லில் சாட்சி. கம்பர் காலத்தில் பூனை பாலுக்கே வந்துவிட்டது: பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைபோலத் தானும் இராமகதை சொல்ல வந்ததாக அவையடக்கம் பாடினார். இன்னும் ஒரு படி போய், வைணவத்தில் அது தத்துவமாகவே ஆனது. குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விக்கொண்டு போவதுபோல இறைவன் காப்பான் என்பது தென்கலையாரின் மார்ச்சால நியாயம். குட்டியைக் கவ்விக்கொண்டு தாய்ப்பூனை வீடு மாற்றுவதை மச்சுப்படியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த யாரோ ஒருவருக்குத்தான் அந்த உவமை தோன்றியிருக்கும்.

ரோமானியர்களுக்குப் பிறகு பூனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கப்பல். சரக்கு இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை வேண்டும். பால்டிக் கடலோரத்து வைக்கிங் துறைமுகம் ஒன்றில் கிடைத்த பூனை எலும்பில் எகிப்தியத் தாய்வழி மரபணு இருந்தது. இந்தப் பயணத்துக்கு விலை கொடுத்தவை தீவுப் பறவைகள். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது. அங்கே வந்து சேர்ந்த பூனைகள், தரையில் ஓடும் பறக்கத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு குருவியினத்தை ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டன. ஒரே ஒரு பூனை செய்த வேலை என்று கதை சொல்வார்கள். பல பூனைகள் என்பதே சரி.

இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் பூனை எவ்வளவு மாறியது? உடம்பில் கொஞ்சம்தான். மண்டை ஓட்டின் கொள்ளளவு காட்டுப்பூனையைவிடச் சற்றுக் குறைவு. வரிக்குப் பதிலாகச் சுழி சுழியாக வரும் மயிர் அமைப்புகூட 14ஆம் நூற்றாண்டில் உதுமானியர் பகுதியில்தான் தலைகாட்டுகிறது. இன்று நாம் பார்க்கும் ஜாதிப் பூனைகள் பெரும்பாலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடந்ததற்குப் பிறகு உருவானவை.

பேச்சில்தான் மாற்றம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அது குட்டி தாயை அழைக்கும் குரல். நம்மிடம் மட்டும் அதை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்கிறது. மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு முன்னங்கால்களால் மாறி மாறி மாவு பிசைவதும் அப்படித்தான், பால் சுரக்கத் தாயின் வயிற்றை அமுக்கிய பழக்கம். சோறு கேட்கும்போது போடும் குர்குர் சத்தத்தை 2009இல் பதிவுசெய்து பார்த்தார்கள். அதற்குள் கைக்குழந்தை அழுகையை ஒத்த ஒரு மெல்லிய உச்சக்குரல் கலந்திருந்தது. காலை ஐந்து மணிக்கு அதைக் கேட்டும் எழாமல் படுத்திருப்பவர்கள் நெஞ்சழுத்தக்காரர்கள்.

வயிறு மட்டும் காட்டில் இருந்தபடியே இருக்கிறது. பூனைக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவைக்கான மரபணு செயலிழந்துபோனது. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தாக வேண்டும். அது குறைந்த தீவனம் தின்ற பூனைகளுக்கு இதயம் வீங்கிப் பழுதானதை 1987இல் கண்டுபிடித்த பிறகுதான் டப்பாத் தீவனத்தில் அதைக் கூட்டினார்கள். "எங்கள் வீட்டுப் பூனை சுத்த சைவம், தயிர்சாதம்தான்" என்று பெருமைப்படுபவர்கள் ராத்திரி அது மொட்டைமாடியில் பல்லியோடு என்ன செய்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

முழுநேரமும் வீட்டுக்குள் பூனை என்பது பல நாடுகளில் சாத்தியமானதே 1947க்குப் பிறகுதான். அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய் உறிஞ்ச விற்ற களிமண் துகளைப் பூனைக் கழிவுப் பெட்டிக்கு விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு சாம்பல், மணல். பெரும்பாலும் வெளியேதான் போக வேண்டும். இப்போது ஏழாவது மாடி ஃபிளாட்டில் எலியே பார்க்காமல் வாழ்ந்து முடிக்கும் பூனைகள் எத்தனையோ.

போன வாரம் கடைக்குப் போனபோது எக்ஸிடர் கணக்கை அண்ணாச்சியிடம் சொன்னேன். "வாரத்துக்கு ஒரு பைசாவா? இது தெனமும் அரை பாக்கெட் பால் குடிக்குதே" என்றார். பெரிய பூனைகள் பலவற்றுக்குப் பால் சேராது அண்ணாச்சி, வயிற்றுப்போக்கு வரும் என்றேன். பருப்பை நிறுத்துக்கொண்டே மூட்டைப் பக்கம் தலையைக் காட்டினார். "அதுகிட்டயே சொல்லிப் பாருங்க."